தாள் உங்களுடையது, சொல் என்னுடையது

போன வருஷம் ஐப்பசி மழையில் ஒரு நாள் ஃபோன் வந்தது. பத்துப் பன்னிரண்டு வருஷம் எனக்கு மின்னஞ்சலில் எழுதிக்கொண்டிருந்த ஒரு மூத்த எழுத்தாளரின் மகள். அவர் காலமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. "அண்ணா, அப்பாவோட கடிதங்களைத் தொகுத்துப் புத்தகமா போடலாம்னு அம்மாவும் நானும் நினைக்கிறோம். உங்களுக்குத்தான் நிறைய எழுதியிருக்கார். அனுப்ப முடியுமா?" என்று கேட்டார். "அதுக்கென்னம்மா, அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டேன்.

அன்று இரவு தேடினேன். அவர் முகவரியிலிருந்து வந்தவை 212 மெயில்கள். படிக்க ஆரம்பித்த இரண்டு மணி நேரத்தில் கொடுத்த வாக்கு கனக்கத் தொடங்கிவிட்டது. இன்றும் எழுதிக்கொண்டிருக்கிற இரண்டு பேரைப் பற்றிக் காட்டமாகச் சொன்னவை இருந்தன. ஒரு கடன் விவகாரம் இருந்தது. இதே மகளின் கல்யாணத்தின்போது வீட்டில் நடந்த சண்டையைப் பற்றி மூன்று நீளமான மெயில்கள் இருந்தன. 'இது உங்களோடு இருக்கட்டும்' என்று அவர் எங்கேயும் எழுதவில்லை. அதையெல்லாம் எழுத வேண்டுமா என்ன என்று நினைத்திருப்பார்.

என் இன்பாக்ஸில் இருப்பதால் இவை என்னுடையவை, கொடுப்பதும் கொடுக்காததும் என் இஷ்டம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அப்படித்தானா என்று பார்க்கப் போனவன், 1741-ஆம் ஆண்டு லண்டனில் போய் நின்றேன்.

*

கடிதம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு ஆங்கிலச் சட்டம் தெளிவாகப் பதில் சொன்ன முதல் வழக்கு, போப் எதிர் கர்ல். வாதி அலெக்ஸாண்டர் போப், அன்றைய இங்கிலாந்தின் மிகப் பெரிய கவிஞர். பிரதிவாதி எட்மண்ட் கர்ல், அன்றைய லண்டனின் பேர்போன போக்கிரிப் பதிப்பாளர். போக்கிரி என்பதை நானாகச் சொல்லவில்லை. 1728-ல் சேரிங் கிராஸில் கழுத்தையும் கைகளையும் மரச்சட்டத்தில் மாட்டி ஊர் பார்க்க நிறுத்தப்பட்ட ஆள். யாராவது பிரபலம் கண்ணை மூடினால் போதும், கொஞ்ச நாளில் அவருடைய வாழ்க்கை வரலாறு, உயில், கடிதங்கள் எல்லாம் கர்லின் கடையில் விற்பனைக்கு வந்துவிடும்.

இரண்டு பேருக்கும் பகை 1716-லேயே தொடங்கிவிட்டது. போப்பின் பெயரைச் சம்பந்தப்படுத்தி கர்ல் சில கவிதைகளை வெளியிட்டார். போப் சமாதானம் பேசுவதுபோல அவரை ஒரு மதுக்கடைக்கு வரவழைத்து, ஒயினில் வாந்தி மருந்தைக் கலந்து கொடுத்தார். அதோடு விடவில்லை. கர்ல் வீட்டுக்குப் போய்ப் பட்ட பாட்டை நக்கலாக எழுதித் துண்டுப் பிரசுரமாகவும் போட்டார். இங்கிலீஷ் இலக்கிய உலகம் நம்முடையதைவிட நாகரிகமானது என்று யாராவது சொன்னால் எனக்கு இந்தச் சம்பவம்தான் ஞாபகம் வரும்.

1726-ல் கர்லுக்கு ஒரு கட்டுக் கடிதங்கள் கிடைத்தன. போப் இளைஞராக இருந்தபோது ஹென்றி குரோம்வெல் என்ற நண்பருக்கு எழுதியவை. குரோம்வெல் அவற்றைத் தன் தோழி எலிசபெத் தாமஸிடம் கொடுத்திருந்தார். அவரும் கவிஞர்தான். வறுமையில் இருந்தார், விற்றுவிட்டார். கடிதங்கள் அச்சில் வந்தன. போப் கொதித்தார். ஆனால் இன்னொன்றையும் கவனித்தார். மக்கள் அவற்றை விரும்பிப் படித்தார்கள்.

அதன்பிறகு அவர் செய்தவைதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி. கர்ல் மாதிரி ஆட்கள் கையில் சிக்கிவிடக் கூடாது என்று சொல்லி, நண்பர்களிடமிருந்து தன் பழைய கடிதங்களையெல்லாம் திருப்பி வாங்கத் தொடங்கினார். வாங்கியவற்றை உட்கார்ந்து திருத்தினார். வரிகளை மெருகேற்றினார், இரண்டு கடிதங்களை ஒன்றாக ஒட்டினார், சிலவற்றில் பெறுநர் பெயரையே மாற்றினார். ஜான் கேரில் என்ற கிராமத்துக் கனவானுக்கு எழுதிய கடிதங்களில் சில, ஆடிசன் போன்ற பெரிய மனிதர்களுக்கு எழுதியவையாக உருமாறின. கேரில் வெவரமான ஆள். திருப்பிக் கொடுக்கும் முன் நகல் எடுத்து வைத்துக்கொண்டார். அந்த நகல்கள் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் சார்லஸ் வென்ட்வொர்த் டில்க் என்ற ஆய்வாளர் கையில் கிடைத்தபோதுதான் போப் செய்த வேலை முழுதாக வெளியே தெரிந்தது.

திருத்தியாயிற்று, எப்படி வெளியிடுவது? உயிரோடு இருக்கும் ஒரு கனவான் தன் சொந்தக் கடிதங்களைத் தானே அச்சிட்டால் அந்தக் காலத்தில் அது அசிங்கமான தற்பெருமை. யாராவது திருடி வெளியிட்டால் மட்டுமே மரியாதை மிஞ்சும். ஆக, போப்புக்கு ஒரு திருடன் தேவைப்பட்டான். கையருகிலேயே கர்ல் இருந்தார்.

1733-ல் 'பி.டி.' என்று மட்டும் கையெழுத்திட்ட ஒருவர் கர்லுக்கு எழுதத் தொடங்கினார். போப்பின் கடிதங்கள் தன்னிடம் இருக்கின்றன என்றார். 1735-ல் பாதிரியார் உடையில் 'ஸ்மித்' என்று ஒருவர் கர்லின் கடைக்கு வந்து, ஏற்கெனவே அச்சடித்த தாள்களையே கொடுத்துவிட்டுப் போனார். பி.டி.க்குப் பின்னால் இருந்தவர் போப். பாதிரியார் வேஷத்தில் வந்தது அவர் அனுப்பிய ஆள். மே மாதம் புத்தகம் வந்தது. பிரபுக்களின் கடிதங்களை அனுமதியின்றி அச்சிடுவது பிரபுக்கள் சபையின் உரிமையை மீறுவது என்று பிரதிகள் பறிமுதலாயின. கர்ல் சபை முன் நிறுத்தப்பட்டார். புரட்டிப் பார்த்தால் உள்ளே பிரபு யாருடைய கடிதமும் இல்லை. விட்டுவிட்டார்கள். கர்ல் இந்த விளம்பரத்தை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார். கோவென்ட் கார்டனில் தன் கடைக்குப் போப்பின் தலையையே பெயர்ப்பலகையாக மாட்டினார். போப்போ, ஐயோ திருடிவிட்டான், பிழையாக அச்சிட்டுவிட்டான், இனி நானே சரியான பதிப்பைக் கொண்டுவந்தால்தான் உண்டு என்று புலம்பிவிட்டு 1737-ல் 'உண்மையான' பதிப்பை வெளியிட்டார்.

ஒரு முறை பலித்த தந்திரத்தை யார் விடுவார்கள்? டப்ளினில் இருந்த ஜோனதன் ஸ்விஃப்ட்டிடமிருந்தும் தன் கடிதங்களைக் கெஞ்சி வாங்கினார். இருவரின் கடிதங்களையும் ரகசியமாக அச்சடித்து, அனுப்பியவர் பெயரில்லாமல் ஸ்விஃப்ட்டுக்கே போய்ச் சேரும்படி செய்தார். முதுமையில் நினைவு தடுமாறிக்கொண்டிருந்த ஸ்விஃப்ட் அதை டப்ளின் பதிப்பாளர் ஃபாக்னரிடம் அச்சிடக் கொடுத்தார். பழி அயர்லாந்துக்குப் போயிற்று. கர்ல் அந்த டப்ளின் பதிப்பைப் பார்த்து லண்டனில் மறுபதிப்புப் போட, 1741 ஜூனில் போப் வழக்குத் தொடுத்தார்.

அப்போது இங்கிலாந்தில் பதிப்புரிமைச் சட்டத்துக்கு முப்பது வயதுதான். ஆன் அரசியின் பெயரில் 1710-ல் அமலுக்கு வந்த அது, புத்தகம் எழுதியவருக்கு 14 ஆண்டு உரிமை கொடுத்தது. ஆசிரியர் உயிரோடு இருந்தால் இன்னொரு 14. கடிதம் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. கர்ல் தரப்பு மூன்று வாதங்களை வைத்தது. ஒன்று, கடிதம் கல்வியை வளர்க்கும் நூல் இல்லை, அதனால் இந்தச் சட்டத்துக்குள் வராது. இரண்டு, அனுப்பிய கடிதம் கொடுத்த பரிசு மாதிரி, வாங்கியவருக்கே சொந்தம். மூன்று, அயர்லாந்தில் ஏற்கெனவே அச்சாகிவிட்டது.

நீதிபதி லார்ட் சான்சலர் ஹார்ட்விக். மூன்றையும் தள்ளினார். அச்சிடும் எண்ணமே இல்லாமல் சாதாரண விஷயங்களைப் பற்றி எழுதிய கடிதங்கள் பெரிய நூல்களைவிட மனிதருக்குப் பயன்படலாம் என்றார். அயர்லாந்து வாதத்தை ஏற்றால் எல்லாரும் அங்கே ஒரு முறை அச்சடித்துவிட்டுச் சட்டத்தை ஏமாற்றுவார்கள் என்றார். நடுவில் இருந்த இரண்டாவது வாதத்துக்கு அவர் சொன்ன பதில்தான் இன்றுவரை நிற்கிறது. வாங்கியவருக்கு ஒருவகை உரிமை உண்டு, அந்தக் காகிதம் அவருடையதாக இருக்கலாம். அதற்காக அதை ஊருக்கெல்லாம் அச்சிட அவருக்கு உரிமம் வந்துவிடாது.

அன்றைய தபால் முறையை வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு விசித்திரம் என்பது புரியும். 1840-ல் ஒரு பென்னி தபால்தலை வரும்வரை இங்கிலாந்தில் தபால் கூலியைப் பெரும்பாலும் கொடுத்தவர் கடிதத்தை வாங்கியவர்தான். காசு கொடுத்து வாங்கிய பொருள், கையில் இருக்கும் பொருள், ஆனால் அதில் இருக்கும் சொல் இன்னொருவருடையது. ஹார்ட்விக் கடிதத்தை இரண்டாகப் பிளந்தார். தாள் ஒருவருக்கு, சொல் மற்றவருக்கு.

தடை கிடைத்தது போப் எழுதிய கடிதங்களுக்கு மட்டும். அதே புத்தகத்தில் ஸ்விஃப்ட் எழுதியவை போப்பினுடையவை அல்ல, அவற்றைத் தடுக்க அவருக்கு உரிமை இல்லை என்றது நீதிமன்றம். பாதி உரையாடலுக்குத்தான் பூட்டு. அச்சேறியதற்குக் காரணமான சூழ்ச்சி வாதியினுடையதுதான் என்பது நீதிபதிக்குத் தெரியாது. தான் திருடவைத்த கடிதங்களைத் திருடிவிட்டார்கள் என்று ஒருவர் கொடுத்த புகாரிலிருந்துதான், நாம் அனுப்பும் ஒவ்வொரு மெயிலுக்கும் பொருந்துகிற இந்த விதி பிறந்தது.

*

பிளந்த இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றதில்தான் பிற்பாடு வந்த கதைகள் எல்லாம் இருக்கின்றன. சொல்லுக்கு உரியவரிடம் தாள் இல்லை, தாளுக்கு உரியவர் அச்சிட முடியாது. செஸ்டர்ஃபீல்ட் பிரபு தன் மகனுக்கு முப்பது வருஷம் அறிவுரை எழுதினார். எப்படி நடப்பது, எப்படிப் பேசுவது, பெரிய இடத்தில் எப்படிச் சிரிப்பது என்று. மகன் 1768-ல் இறந்தபோதுதான் அவனுக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் இருப்பதே அப்பாவுக்குத் தெரிந்தது. அத்தனை கடிதத்துக்கும் கிடைத்த பலன் அது. 1773-ல் அவரும் போனார். கடிதக் கட்டு மருமகள் யூஜீனியாவிடம் இருந்தது. 1500 கினிக்குப் பதிப்பாளரிடம் விற்றார். உயிலை நிறைவேற்ற வேண்டியவர்கள் நீதிமன்றம் போய்த் தடை வாங்கினார்கள், சட்டமும் அவர்கள் பக்கம்தான். ஆனால் கடைசியில் சமரசமாகி 1774-லேயே புத்தகம் வந்துவிட்டது. இன்று செஸ்டர்ஃபீல்ட் என்ற பெயர் இலக்கியத்தில் நிற்பது, அவருடைய வாரிசுகள் தடுக்கப் பார்த்த அந்தப் புத்தகத்தால். தாளை வைத்திருந்த ஒரு விதவை அதைப் பத்திரமாகவும் வைத்திருந்து, விற்கவும் துணிந்ததால்.

அமெரிக்காவில் 1841-ல் இதே பிளவு ஜார்ஜ் வாஷிங்டனின் கடிதங்கள் வழியாக வந்தது. ஜாரெட் ஸ்பார்க்ஸ் தொகுத்த 12 தொகுதிகளிலிருந்து 353 பக்கங்களை எடுத்து, 866 பக்கத்தில் இன்னொருவர் வாழ்க்கை வரலாறு போட்டார். நாட்டின் முதல் ஜனாதிபதியின் கடிதம் நாட்டுக்குச் சொந்தம் இல்லையா என்ற வாதத்தை நீதிபதி ஜோசப் ஸ்டோரி ஏற்கவில்லை. எழுதியவர் யாராக இருந்தாலும் உரிமை அவருக்கும் அவர் வாரிசுக்கும்தான். எவ்வளவு எடுத்தால் நியாயம் என்று அவர் அந்தத் தீர்ப்பில் போட்ட கணக்கிலிருந்துதான் இன்றைய 'நியாயமான பயன்பாடு' என்ற கருத்து வளர்ந்தது. 1907-ல் ஓவியர் விஸ்லரின் கடிதங்கள் பற்றிய வழக்கில் லண்டன் நீதிமன்றம் மூன்றாவதாக ஒரு அடுக்கையும் பிரித்துக் காட்டியது. கடிதத்தை அச்சிடக் கூடாது, ஆனால் அதில் இருக்கும் தகவலை வரலாற்றாசிரியர் தன் வார்த்தையில் சொல்லலாம். தாள், சொல், சேதி என்று மூன்று.

சேதியைத் தன் வார்த்தையில் சொல்லலாம் என்பதை நம்பி ஏமாந்தவர் இயன் ஹாமில்டன். ஜே.டி. சாலிஞ்சரின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். பல்கலைக்கழக நூலகங்களில் சாலிஞ்சரின் கடிதங்கள் இருந்தன, வாங்கியவர்களும் அவர்களுடைய குடும்பங்களும் கொடுத்தவை. ஹாமில்டன் படித்தார், மேற்கோள் காட்டினார். சாலிஞ்சர் எதிர்த்ததும் மேற்கோள்களைக் குறைத்துத் தன் நடையில் மாற்றி எழுதினார். போதாது என்றது 1987-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம். அவர் சொன்ன விதத்தையே ஒட்டிப் போகிறாய், விதம்தான் அவருடைய சொத்து. ஹாமில்டன் மொத்தத்தையும் கலைத்து, தேடிப் போய்த் தோற்ற கதையையே 1988-ல் வேறு புத்தகமாக எழுதினார். ஆளுடைய குரல் இல்லாமல் ஆளைப் பற்றிப் பேசுகிற புத்தகம் அது.

இதில் ஒரு கூத்து உண்டு. வழக்குப் போட வேண்டுமென்றால் சாலிஞ்சர் அந்தக் கடிதங்களைப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிய வேண்டியிருந்தது. 79 கடிதங்களைப் பதிந்தார். பதிந்த பிரதி அரசுக் கோப்பு, யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். ஒளிந்துகொள்ள வழக்குப் போட்டவர், வழக்கால் இன்னும் வெளிச்சத்துக்கு வந்தார்.

1999-ல் இன்னொரு கட்டு வெளியே வந்தது. 1972-ல், தனக்கு 53 வயதாக இருந்தபோது, 18 வயது ஜாய்ஸ் மேனார்டுக்கு சாலிஞ்சர் எழுதிய 14 கடிதங்கள். மேனார்ட் அவற்றை சாதபீஸில் ஏலம் விட்டார். சாலிஞ்சரால் தடுக்க முடியாது, ஏனென்றால் விற்கப்பட்டது தாள். மேனார்டைத் திட்டாத ஆள் இல்லை. எனக்கு அந்தத் திட்டு முழுக்க நியாயமாகப் படவில்லை. பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு அப்படி எழுதியவரின் சொல்லைக் காக்கச் சட்டம் இருக்கிறது. அதை வாங்கியவளின் பக்கத்தில் மிச்சம் இருந்தது அந்தத் தாள் மட்டும்தான். 1,56,500 டாலருக்கு ஏலம் போனது. வாங்கியவர் பீட்டர் நார்ட்டன். ஆமாம், நம் பழைய கம்ப்யூட்டர்களில் ஓடிய நார்ட்டன் ஆன்டிவைரஸின் அதே நார்ட்டன். சாலிஞ்சர் கேட்டால் திருப்பிக் கொடுக்கிறேன் என்று அறிவித்தார். சாஃப்ட்வேர் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் எனக்கு இதில் கொஞ்சம் பெருமை.

*

நம் ஊர்ச் சட்டமும் இந்த வேரிலிருந்து வந்ததுதான். 1914-ஆம் ஆண்டுச் சட்டம் பிரிட்டிஷ் சட்டத்தைத் தழுவியது, அதன் இடத்தில் வந்ததுதான் இப்போது இருக்கும் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம். அதன்படி, எழுதியவர் உயிரோடு இருக்கும்போது வெளியான படைப்புக்கு, அவர் இறந்த பிறகு 60 ஆண்டு பாதுகாப்பு. 1992 வரை 50-ஆக இருந்தது, தாகூரின் உரிமை முடியும் நேரத்தில் நீட்டினார்கள். வாழ்நாளில் அச்சேறாதவற்றுக்குக் கணக்கே வேறு. என்றைக்கு வெளியாகிறதோ அதற்குப் பிறகுதான் 60 ஆண்டு எண்ணத் தொடங்கும். பரணில் கிடக்கும் கடிதத்துக்குக் கடிகாரம் ஓடவே தொடங்கவில்லை என்று அர்த்தம். பொதுமக்கள் போகக்கூடிய நூலகத்திலோ அருங்காட்சியகத்திலோ இருந்தால் மட்டும், எழுதியவர் இறந்து 60 ஆண்டு கழித்து ஆய்வுக்காக வெளியிட ஒரு சலுகை உண்டு.

இந்தக் கணக்கை வைத்து நம் அலமாரியைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். புதுமைப்பித்தன் மனைவி கமலாவுக்கு எழுதியவை 'கண்மணி கமலாவுக்கு' என்று புத்தகமாக வந்தன. அவர் இறந்தது 1948-ல். எழுதியவரின் வாரிசும் வாங்கியவரும் ஒரே ஆள். தாளும் சொல்லும் ஒரு பெட்டிக்குள் சேர்ந்திருந்த அபூர்வமான நிலைமை. கு. அழகிரிசாமி கி.ரா.வுக்கு எழுதியவை வாங்கியவர் காப்பாற்றியதால் நமக்குக் கிடைத்தன. உ.வே.சா. விஷயம் இன்னும் சுவாரசியம். ஆ.இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த 'கடிதக் கருவூல'த்தில் இருப்பவை உ.வே.சா.வுக்கு மற்றவர்கள் எழுதியவை. ஏடு தேடியலைந்த மனிதர், தனக்கு வந்த கடுதாசியையும் ஏடு மாதிரியே பத்திரப்படுத்தியிருக்கிறார். சொல் நூற்றுக்கணக்கான பேருடையது, தாள் அவருடையது. தாளை வைத்திருந்தவரின் பழக்கம் ஒன்றினால்தான் 19-ஆம் நூற்றாண்டுத் தமிழ்ப் புலமை உலகம் எப்படிப் பேசிக்கொண்டது என்று நமக்குத் தெரிகிறது.

ஹார்ட்விக் சொல்லுக்குக் கொடுத்த மரியாதை சரிதான். ஆனால் வரலாறு பிழைத்தது பெரும்பாலும் தாளை வைத்திருந்தவர்களால் என்று எனக்குப் படுகிறது. எரிக்காதவர்களால், நகல் எடுத்தவர்களால், சில சமயம் விற்றவர்களாலும்.

*

மின்னஞ்சலில் அந்தத் தாள்தான் இல்லை.

மெயில் போகும் விதத்தை ஒரு முறை பார்த்துவிடலாம். நான் 'அனுப்பு' என்று அழுத்தியதும் என் சர்வர் உங்கள் சர்வரோடு பேசுகிறது. முழுவதும் வந்து சேர்ந்தால் அந்தப் பக்கம் '250' என்று ஒரு எண்ணைச் சொல்லும். அதற்குப் பொருள், பெற்றுக்கொண்டேன், இனி இது என் பொறுப்பு. அவ்வளவுதான். மின்னஞ்சல் நெறிமுறையை எழுதியவர்கள் பொறுப்பு யாருக்கு எப்போது மாறுகிறது என்று நுணுக்கமாக யோசித்திருக்கிறார்கள். சொத்து என்ற பேச்சே அதில் கிடையாது. எந்தப் பொருளும் கை மாறவில்லை. என்னுடையது என்னிடமே இருக்கிறது, உங்களிடம் ஒரு பிரதி முளைத்திருக்கிறது, வழியில் வேறு எங்கெல்லாமோ.

2012-ல் இங்கிலாந்து உயர் நீதிமன்றத்தில் இது நேராகவே விசாரணைக்கு வந்தது. ஃபேர்ஸ்டார் என்ற கப்பல் நிறுவனம், விலகிப்போன தன் தலைமை நிர்வாகியின் கம்ப்யூட்டரில் இருந்த தொழில் மெயில்கள் தன் சொத்து என்றது. நீதிபதி எட்வர்ட்ஸ்-ஸ்டூவர்ட் ஒவ்வொரு சாத்தியமாகப் போட்டுப் பார்த்தார். நாங்கள் கோடில் பிழை தேடும் முறை மாதிரியே இருக்கிறது அது. எழுதியவருக்கே சொந்தம் என்றால், உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்த பிரதிகளையெல்லாம் அவர் திருப்பிக் கேட்கலாமா? வாங்கியவருக்குச் சொந்தம் என்றால், பத்துப் பேருக்கு அனுப்பியதை அவர்கள் நூறு பேருக்கு அனுப்பினால் யாருக்கு? எல்லாருக்கும் கூட்டாகச் சொந்தம் என்றால், ஒருவருடைய சர்வர் பழுதானால் அவர் மற்றவர் சர்வருக்குள் நுழைந்து தேடலாமா? எதுவும் ஒட்டவில்லை. மெயிலின் உள்ளடக்கத்தில் சொத்துரிமை என்று ஒன்று இல்லை, பதிப்புரிமையும் ரகசியம் காக்கும் கடமையும்தான் உண்டு என்று தீர்ப்பளித்தார். அடுத்த ஆண்டு மேல்முறையீட்டில் நிறுவனம் ஜெயித்தது. ஆனால் முதலாளியின் ஏஜென்ட் தன்னிடமுள்ள பதிவுகளைக் காட்டியாக வேண்டும் என்ற வேறு காரணத்தால். சொத்துக் கேள்வியை அவர்கள் தொடவில்லை.

ஆக, பிளவில் சொல்லின் பாதி அப்படியே இருக்கிறது. மெயிலுக்கும் பதிப்புரிமை எழுதியவருக்குத்தான். தாளின் பாதிதான் காணாமல்போய்விட்டது. யூஜீனியாவின் பெட்டி இருந்த இடத்தில் இப்போது ஒரு நிறுவனத்தின் கணக்கும் கடவுச்சொல்லும் இருக்கின்றன.

2004-ல் ஈராக்கில் ஓர் இளம் அமெரிக்கப் படைவீரர் கொல்லப்பட்டார். அப்பா அவருடைய மெயில்களைக் கேட்டார். கணக்கு ஒருவர் பெயரிலிருந்து மற்றவருக்கு மாறாது, ஆள் இறந்தால் முடிந்தது, விதிமுறை அப்படித்தான் என்றது யாஹூ. மறு ஆண்டு மிச்சிகன் நீதிமன்றம் உத்தரவிட்டபிறகுதான் சிடியில் போட்டுக் கொடுத்தது. பெர்லினில் 2012-ல் ரயிலில் அடிபட்டு இறந்த 15 வயதுப் பெண்ணின் பெற்றோர், அது விபத்தா தற்கொலையா என்று அறிய அவளுடைய ஃபேஸ்புக் உரையாடல்களைக் கேட்டார்கள். 2018-ல் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம், டைரியும் கடிதமும் வாரிசுக்குப் போகும் என்றால் இதுவும் போகும் என்றது. நிறுவனம் 14 ஆயிரம் பக்கத்துக்கு மேல் வருகிற ஒரு பிடிஎஃப்பை யுஎஸ்பியில் போட்டு நீட்டியது. அது போதாது, கணக்கையே திறந்து விடு என்று 2020-ல் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. கட்டுக் கடிதத்தைக் கேட்டால் காகிதக் குப்பையைக் கொட்டுவது எந்தக் காலத்திலும் ஒரு பதில்தான் போல.

எதிர்ப்பக்கமும் உண்டு. என்ரான் நிறுவனம் கவிழ்ந்த பிறகு 2003-ல் அமெரிக்க எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் விசாரணைக்கென்று எடுத்த மெயில்களைப் பொதுவில் வைத்தது. ஆய்வாளர்கள் சீர்செய்து பகிர்ந்த தொகுப்பில் சுமார் 150 ஊழியர்களுடைய 5 லட்சம் மெயில்கள். நான் வாழ்க்கையில் எழுதிய முதல் ஸ்பேம் வடிகட்டியும் அதில்தான் பயிற்சி பெற்றது. ஒரு நாள் பிழை தேடும்போது திறந்து படித்த ஒரு மெயில், யாரோ தன் மனைவியோடு பிரிவதைப் பற்றி நண்பருக்கு எழுதியது. போப்பின் ஒரு வரியை அச்சிட அன்றைக்கு அவருடைய அனுமதி வேண்டியிருந்தது. இந்த மனிதரின் வரியை உலகத்தில் கணினி படிக்கிற எந்த மாணவனும் இறக்கிக்கொள்ளலாம். மெயிலை மூடிவிட்டு எண்ணிக்கைகளை மட்டும் பார்க்க ஆரம்பித்தேன். வடிகட்டி நன்றாகவே வேலை செய்தது.

*

மகளுக்குப் ஃபோன் செய்து, படித்ததைச் சொன்னேன். கல்யாணச் சண்டை பற்றிய மெயில்கள் இருக்கின்றன என்பதையும் சொன்னேன். சட்டப்படி இந்தச் சொற்கள் உங்களுக்கும் அம்மாவுக்கும்தான் உரியவை, நான் வெறும் கையில் வைத்திருப்பவன் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "எல்லாத்தையும் அனுப்புங்கண்ணா. எதைப் போடறது, எதை விடறதுன்னு நாங்க பாத்துக்கறோம். அப்பாவோட பாஸ்வேர்ட் எங்க யாருக்கும் தெரியாது. உங்ககிட்ட இருக்கறது மட்டும்தான் எங்களுக்கு" என்றார்.

அவருடைய சொற்களைப் பற்றிய கேள்வி அதோடு தீர்ந்தது. என்னுடையவை மிச்சம் இருந்தன. மெயிலில் பதில் எழுதும்போது கீழே முந்தைய மெயில் தொங்கிக்கொண்டே வரும் இல்லையா. அவருடைய ஒவ்வொரு மெயிலின் வாலிலும் 24 வயதில் நான் எழுதியவை இருந்தன. ஜம்பம், அரைகுறைக் கோட்பாடு, படிக்காத புத்தகத்தைப் படித்ததாகச் சொன்ன பொய் ஒன்று. அவை என் சொல், ஹார்ட்விக் தீர்ப்புப்படி என் சொத்து. போப்புக்கு வந்த ஆசை எனக்கும் வந்தது. பத்து வரி ஸ்கிரிப்ட் எழுதினேன், '>' குறியோடு தொடங்கும் எல்லா வரிகளையும் நீக்குகிற மாதிரி. ஓட்டினேன். கோப்பு பாதிக்கும் கீழே இளைத்தது.

சரிபார்க்கத் திறந்தேன். அவருக்கு ஒரு பழக்கம், மேலே மொத்தமாகப் பதில் எழுத மாட்டார். என் வரிகளுக்கு இடையில் இடையில் நுழைந்து பதில் சொல்வார். வெட்டியபிறகு 2014-ல் வந்த ஒரு மெயிலில் மிச்சம் இருந்தது இவ்வளவுதான்:

"இல்லை, அப்படிச் சொல்ல முடியாது.

ஆமாம், அது என் தப்புதான். ஒத்துக்கொள்கிறேன்.

இதை நீங்கள் இன்னும் படிக்கவில்லை என்று நினைக்கிறேன். பரவாயில்லை, படித்துவிட்டு எழுதுங்கள்."

எது தப்பு என்பது என் வரியில் இருந்தது. ஸ்கிரிப்டை அழித்துவிட்டு 212-ஐயும் வந்தபடியே அனுப்பினேன்.